பாரசிட்டமாலில் கீட்டோன் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிடும் சிறப்புப் பகுதியில், கரிமச் சேர்மங்களின் வினைசெயல் தொகுதிகளை (மூலக்கூறின் வேதிப்பண்பைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டங்களை) கண்டறிந்து பெயரிடுவது குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். பாடநூலுக்கு வெளியே வேதியியலைத் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுவோர் குறைவு என்பதால் மகிழ்ச்சியே. ஆயினும் பாரசிட்டமால் மூலக்கூறின் படத்தில், கார்பனைலை (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் உள்ள பகுதியை) தனியே வட்டமிட்டு 'கீட்டோன்' என்றும், பக்கத்திலுள்ள நைட்ரஜனை வட்டமிட்டு 'அமீன்' என்றும் குறித்திருப்பது பிழை. அந்தப் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் மாணவர்கள் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

கார்பனைல் கார்பனின் இருபுறமும் கார்பன் அணுக்களே இருந்தால்தான் அது கீட்டோன். ஒருபுறம் ஹைட்ரஜன் இருந்தால் ஆல்டிஹைடு. ஹைட்ராக்சில் இருந்தால் கார்பாக்சிலிக் அமிலம். ஓர் ஆக்சிஜன் வழியாக இன்னொரு கார்பன் தொடர்ந்தால் எஸ்டர். நைட்ரஜன் இருந்தால் அமைடு. பாரசிட்டமாலில் பென்சீன் வளையத்தின் மேல் இருப்பவை ஓர் அமைடும் ஒரு பீனாலிக் ஹைட்ராக்சிலும் (வளையத்தோடு நேரே இணைந்த -OH) மட்டுமே. அதன் நைட்ரஜனிலுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டை கார்பனைலின் பக்கம் ஈர்க்கப்பட்டுவிடுவதால், அது அமீனைப் போல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் உப்பாவதில்லை. அந்தக் கார்பனைலும் கீட்டோனைப் போலப் போர்ஷ் வினைபொருளுடன் (2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன்) ஆரஞ்சு நிற வீழ்படிவைத் தருவதில்லை. இந்த இடத்தில் தவறினால் பெயரும் தவறிவிடும். ஐயுபிஏசி எனும் பன்னாட்டுப் பெயரிடும் முறையில் முன்னுரிமை மிக்க தொகுதி ஒன்றுக்கே பின்னொட்டு உண்டு, மற்றவை முன்னொட்டுகளாகும். ஹைட்ராக்சிலைவிட அமைடு முன்னுரிமை உடையது என்பதால்தான் பாரசிட்டமால் என்-(4-ஹைட்ராக்சிஃபீனைல்)எத்தனமைடு ஆகிறது.

கட்டுரையுடன் வந்த அட்டவணையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொகுதிகளைத் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து மனப்பாடம் செய்யச் சொல்வதால், ஒரே மூலக்கூறில் இரண்டு தொகுதிகள் வரும்போது மாணவர் திகைத்துப் போகிறார். இதற்குச் சாலிசிலிக் அமிலத்தைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அதில் ஒரு கார்பாக்சிலும் (-COOH) ஒரு பீனாலிக் ஹைட்ராக்சிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. கார்பாக்சிலை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்தால் கிடைப்பது மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் மணம் அதனுடையது. ஹைட்ராக்சிலை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைபுரியச் செய்தால் ஆஸ்பிரின் கிடைக்கிறது. இரண்டுமே எஸ்டர்கள்தாம், ஆனால் சோதனைக் குழாயில் முற்றிலும் வேறாக நடந்துகொள்கின்றன. ஆஸ்பிரின் சோடியம் பைகார்பனேட்டுடன் நுரைத்துப் பொங்கும், நடுநிலை ஃபெரிக் குளோரைடுடன் ஊதா நிறம் தராது. மெத்தில் சாலிசிலேட் ஊதா நிறம் தரும், நுரைக்காது. நுரைக்கச் செய்வது கார்பாக்சில், ஊதா நிறம் தருவது பீனாலிக் ஹைட்ராக்சில் என்பதால், எந்தத் தொகுதி மாற்றமின்றி எஞ்சியிருக்கிறது என்பதை இவ்விரு சோதனைகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பெயரும் அதையே சொல்கிறது: ஆஸ்பிரினில் அமிலத்துக்கு முன்னுரிமை என்பதால் 2-அசிட்டைலாக்சிபென்சாயிக் அமிலம், மெத்தில் சாலிசிலேட்டில் எஸ்டருக்கு முன்னுரிமை என்பதால் மெத்தில் 2-ஹைட்ராக்சிபென்சோயேட். ஈரம் பட்டுப் பழசான ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பார்த்தால் வினிகர் வாடை அடிக்கும். அந்தப் பொடி ஃபெரிக் குளோரைடுடன் ஊதா நிறமும் தரும். எஸ்டர் நீராற்பகுப்படைந்து, அசிட்டிக் அமிலமும் பழைய பீனாலிக் ஹைட்ராக்சிலும் திரும்பி வந்துவிட்டன என்பதே காரணம்.

செய்முறைத் தேர்வில் புட்டியைத் திறந்ததும் பாதாம் வாசனை வந்தால் 'பென்சால்டிஹைடு' என்று முடிவை முதலில் எழுதிவிட்டு, சோதனைகளைப் பிறகு நிரப்பும் வழக்கம் நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. (அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்ன நாமே அதற்குப் பொறுப்பு என்பது வேறு விஷயம்.) ஆகவே அடுத்த இதழில் பாரசிட்டமால் படத்தைத் திருத்தி வெளியிடுவதோடு, அட்டவணைக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று தொகுதிகள் கொண்ட மூலக்கூறுகளின் அமைப்புகளைப் பெயரில்லாமல் அச்சிட்டு, தொகுதிகளை வட்டமிட்டுப் பெயர் எழுதும் பணியை மாணவரிடமே விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வனிலின் அதற்கு ஏற்றது. ஆல்டிஹைடு, ஈதர், பீனால் மூன்றும் அதில் உள்ளன. விடைகளை அதற்கடுத்த வாரம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.