ஆசிரியருக்கும் ஒரு வகுப்பு வேண்டும், அரசி

அன்புள்ள அரசி,

திருச்சியிலிருந்து உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் வேலை உன் தலையில்தான் விழுந்திருக்கும். இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். பெரியவன் தேசியச் சேவை என்ற கட்டாயப் பணியில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து அழுக்குத் துணி மூட்டையை இறக்கிவிட்டுத் தூங்குகிறான், ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுகிறான். சின்னவள் உயர்நிலை இரண்டு. எது கேட்டாலும் "தெரியும்மா" என்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அங்கே டீச்சர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அறிவியல், தொழில்நுட்பம் கற்க என்னென்ன வாய்ப்பு இருக்கிறது, ஒன்று விடாமல் எழுது, எங்கள் தலைமையாசிரியரிடம் காட்டணும்" என்று எழுதியிருந்தாய். ஒன்று விடாமல் எழுதினால் அது சுற்றறிக்கை ஆகிவிடும். எனக்குப் பட்டதை எழுதுகிறேன். காட்டுவதா வேண்டாமா என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

இங்கே அறிவியல் தனிப் பாடமாக வருவது தொடக்கநிலை 3-இல்தான். அப்புறம் தொடக்கநிலை 4-லிருந்து 6-க்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஏறத்தாழ 10 மணி நேரம் நிரல் எழுதிப் பழக வேண்டும். 'கோட் ஃபார் ஃபன்' என்று பெயர். 2014-இல் விருப்பப்பட்ட பள்ளிகளில் தொடங்கியது, 2020-லிருந்து எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு பள்ளியும் ஏதாவது ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு, பாடத்தில் படித்ததை வைத்து எதையாவது செய்து பார்க்க வைக்கிறது. ஒரு பள்ளியில் ரோபோ, இன்னொன்றில் உணவு அறிவியல், இப்படி. இதற்குக் கைகொடுக்கவே அறிவியல் நிலையத்தில் 2014-இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். அவர்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் தயாரிக்கிறார்கள். அறிவியல் நிலையம் உனக்கு நினைவிருக்கும், நீ வந்தபோது ஜூரோங்கில் தீச்சுழல் பார்த்து மலைத்து நின்றாயே, அதுதான். 1977-லிருந்து இருக்கிறது. பக்கத்திலேயே ஜூரோங் ஏரித் தோட்டத்துக்கு இடம் மாறப்போகிறது.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு. ஆனால் உன் தலைமையாசிரியர் முதலில் கவனிக்க வேண்டியது இன்னொரு எண்ணை: 100 மணி நேரம். இங்கே ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பயிற்சிக்குப் போகலாம் என்பது கல்வி அமைச்சு கொடுத்திருக்கும் உரிமை. தேசியக் கல்விக் கழகத்தில் வகுப்பு இருக்கிறது. 2010-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆசிரியர் அகாடமி இருக்கிறது. அங்கே ஆசிரியரே ஆசிரியருக்கு வகுப்பு எடுப்பார். வேண்டுமானால் சில வாரம் ஒரு நிறுவனத்திலோ ஆய்வுக்கூடத்திலோ போய் வேலை பார்த்துவிட்டும் வரலாம். என்னுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் அப்படித் தண்ணீர்த் துறை சார்ந்த ஓர் இடத்துக்குப் போய்வந்தார். அதற்கு முன் நீர்ச் சுழற்சிப் பாடத்தை மேகம், மழை, ஆறு என்று படம் போட்டுத்தான் நடத்துவார். இப்போது நியூவாட்டர் என்ற மறுசுழற்சித் தண்ணீரில் தொடங்குகிறார். கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதா ஒளி என்று மூன்று கட்டத்தில் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, "நீ இன்று காலை பல் தேய்த்துத் துப்பிய தண்ணீர் இப்போது எங்கே இருக்கும்?" என்று கேட்கிறார். வகுப்பே முகம் சுளிக்கிறது, அப்புறம் அரைமணி நேரம் கேள்வி ஓயாது.

உரிமை இருக்கிறது என்பதால் எல்லோரும் 100 மணி நேரமும் போய்விடுகிறோம் என்று நினைத்துவிடாதே. திருத்த வேண்டிய நோட்டு, சிசிஏ என்கிற இணைப்பாட நடவடிக்கை, இரவு பத்து மணிக்கு வரும் பெற்றோர் செய்தி, தொடக்கநிலை 6 என்றால் பிஎஸ்எல்இ என்ற இறுதித் தேர்வு ஜுரம் வேறு. இந்த ஊரில் கருவிக்குப் பஞ்சமே இல்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம். எந்தப் பயிற்சி உருப்பட்டது, எது வீணானது என்று யோசித்தால், ஆசிரியருக்கு முன்கூட்டியே நேரம் கிடைத்ததா இல்லையா என்பதில்தான் போய் நிற்கிறது.

ஒரு தடவை எங்கள் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒரு குழு வந்து ஒருநாள் ரோபோப் பட்டறை நடத்தியது. பளபளக்கும் பெட்டி, மேசைக்கு ஒன்று. பிள்ளைகள் குதித்தார்கள். ஆசிரியர்கள் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பின்னால் நின்று "சத்தம் போடாதே, உட்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மாலையில் பெட்டிகளை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் ஒரு பையன், "டீச்சர், அந்த ரோபோ கோட்டுக்கு வெளியே போகாமல் எப்படித் திரும்பிச்சு?" என்று கேட்டான். பதில் சொல்ல வேண்டியவர்கள் பெட்டியோடு போய்விட்டார்களே! அன்றைக்கு அந்தப் பட்டறையில் பிள்ளைகளோடு எங்களையும் உட்கார வைத்திருந்தால் செலவு ஒரு காசு கூடியிருக்காது.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். மைக்ரோபிட் என்று ஒரு குட்டிக் கணினி அட்டை. உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கம் ஐந்துக்கு ஐந்தாக 25 சிவப்பு விளக்கு, இரண்டு பொத்தான். அசைவு, வெப்பநிலை எல்லாம் உணரும். பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் நாங்கள் சில ஆசிரியர்கள் பள்ளி முடிந்து உட்கார்ந்து நோண்டினோம். கணினி அறையில் ஏர்கான் ஓடுகிறது. சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் 25 காட்டுகிறது, அட்டை 29 என்கிறது. ஒருவர் அட்டை பழுது என்றார். வேறொன்றை எடுத்தோம், அதுவும் 29. தேடிப் பார்த்தால், அந்த அட்டை தன் செயலியின் உள்ளே இருக்கும் சூட்டைத்தான் அளக்கிறது, காற்றின் சூட்டை இல்லை. வேலை செய்யும் சில்லு கொஞ்சம் சூடாகத்தானே இருக்கும். வகுப்பில் நாங்கள் இதைச் சொல்லவேயில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டையும் ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம். சில நிமிடத்தில் சண்டை வந்துவிட்டது, எது பொய் சொல்கிறது என்று. ஒரு பெண் அட்டையைக் கொஞ்ச நேரம் அணைத்துவைத்து, மறுபடி போட்டவுடன் எண்ணைக் குறித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அளக்கும் கருவியையே சந்தேகப்படுவதை எந்தப் பாடநூலில் போட்டுக் கற்றுத்தர முடியும், சொல்.

அட்டை இல்லையே என்று கவலைப்படாதே. மேக்கோட் என்ற தளத்தில் திரையிலேயே ஒரு பொய் மைக்ரோபிட் ஓடும். எழுதும் நிரலை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம், இலவசம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET), திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகள், அவையும் இலவசம்தான். மின்சுற்று, நெம்புகோல் என்று நிறைய இருக்கிறது, தமிழிலும் சில கிடைக்கும். ஆனால் இரண்டையும் முதலில் நீ ஒரு சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து விளையாடிப் பார்.

வெளியே கூட்டிப் போவதிலும் இதே கதைதான். வடமேற்கு மூலையில் சுங்கை பூலோ என்று ஒரு சதுப்புநிலக் காப்பகம். உங்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் தங்கச்சி என்று வைத்துக்கொள், ரொம்பச் சின்னத் தங்கச்சி. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து பறவைகள் வரும். உடும்பு வழியை மறித்துக்கொண்டு படுத்திருக்கும். அனுமதிக்குக் கட்டணமில்லை. ஆனால் கடல் ஏற்றமா வற்றமா என்று அட்டவணை பார்க்காமல் போனால், பிள்ளைகள் பார்ப்பது பழுப்புத் தண்ணீரை மட்டும்தான். வற்றத்தில் போனால் சேறு தெரியும். சேற்றில் துடுப்பை ஊன்றித் துள்ளும் மட்ஸ்கிப்பர் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு, பென்சில் நட்டுவைத்த மாதிரி மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்கள் எல்லாம் தெரியும். பள்ளி அலுவலகத்துக்கு இந்த ஏற்ற வற்றம் எல்லாம் தெரியாது. முன்கூட்டியே ஒருநாள் போய் நின்று பார்த்த ஆசிரியருக்குத்தான் தெரியும். இப்படி முன்கூட்டிப் போகும் பயணத்துக்கு வேலை நேரத்தில் ஓர் அரைநாள் கொடுக்கும் தலைமையாசிரியர் கிடைத்தால், அதைவிடப் பெரிய அறிவியல் திட்டம் வேண்டாம் என்பேன். இந்த வரியை உன் தலைமையாசிரியரிடம் கட்டாயம் காட்டு.

இன்னொன்று. 2015-இல் இங்கே தேசிய அறிவியல் பரிசோதனை என்று ஒன்று நடந்தது. மாணவர்கள் ஒரு சின்னக் கருவியைக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எத்தனை அடி நடந்தார்கள், எதில் பயணம் செய்தார்கள், சுற்றிலும் எவ்வளவு சத்தம், எவ்வளவு ஈரப்பதம் எல்லாம் பதிவாகும். அப்புறம் அவரவர் தரவை அவரவரே பார்க்கலாம். பிள்ளைகளுக்கு வரைபடத்தில் உயிர் வருவது அதில் தங்கள் பெயர் இருக்கும்போதுதான். 'x அச்சு, y அச்சு' என்று நாம் கரடியாகக் கத்தினாலும் வராதது, "ஐயோ, நான் இவ்வளவுதான் நடக்கிறேனா?" என்ற ஒரு கேள்வியில் வந்துவிடும்.

இனி உன் பக்கம். தமிழ்நாடு அரசின் வானவில் மன்றத் திட்டத்திலிருந்து கருத்தாளர் பெட்டியோடு வந்து ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குச் சோதனை செய்து காட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். 2022-இல் நம்ம திருச்சியில்தானே அதைத் தொடங்கிவைத்தார்கள். நல்ல விஷயம். அவர் வரும் நாளில் நீ வருகைப் பதிவேட்டை எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்காதே. பிள்ளைகளோடு தரையில் உட்கார். அவர் போன பிறகு கேள்வி உன்னிடம்தான் வரும். புதுக்கோட்டைச் சாலையில் கோளரங்கம் இருக்கிறது, அங்கேயும் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன் நீ ஒருதரம் போய்வா.

அப்புறம், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று செய்வோமா? பைசா செலவில்லை. மார்ச் 24 வாக்கில் சூரியன் சிங்கப்பூருக்கு நேர் உச்சியில் வரும். அன்று உச்சிவேளையில் இங்கே நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. அதே நாள் உச்சிவேளையில் திருச்சியில் ஒரு மீட்டர் குச்சிக்குக் கிட்டத்தட்ட பதினாறரை சென்டிமீட்டர் நிழல் விழ வேண்டும். அதை வைத்துக் கோணத்தைக் கணக்கிட்டால் ஒன்பதரை பாகையை ஒட்டி வரும். தெற்கு வடக்காக மட்டும் பார்த்தால் நம் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 1,050 கிலோமீட்டர். ஒன்பதரை பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் பக்கத்தில் வந்து நிற்கும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் செய்த கணக்குத்தான் இது. அவருக்கு சையீன், அலெக்சாண்டிரியா. நமக்குச் சிங்கப்பூர், திருச்சி.

இதில் ஒரு கூடுதல் வேடிக்கை. பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் போய் நிற்பார்கள், நிழல் இருக்கும். இங்கே உச்சிவேளை அன்று ஏறக்குறைய 1 மணி 11 நிமிடத்துக்கு. சிங்கப்பூர் இருப்பது 104 பாகைக்குச் சற்றுக் குறைவான தீர்க்கரேகையில். கடிகாரமோ 120 பாகைக்கானது, 1982 முதல் அப்படி. பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம். மிச்சத்தை அவர்களே போட்டுப் பார்க்கட்டும், சில நிமிடம் வித்தியாசம் வரும். உங்களுக்கு உச்சிவேளை 12.21 போல வரும். சத்துணவு மணிக்குச் சற்று முன்னால் என்று நினைக்கிறேன், தலைமையாசிரியரிடம் சொல்லிவை. இந்த நேரங்களைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே. முக்கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழலின் நுனியைக் குறிக்கட்டும், எது மிகக் குட்டையோ அதுதான் உச்சிவேளை.

ஒரு மீட்டர் நீளத்துக்குப் பிவிசி குழாய் வாங்கிக்கொள், மூங்கில் வேண்டாம், வளைந்திருக்கும். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுக் குழாய் நேராக நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும், பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழையும். எங்கள் மார்ச் விடுமுறை அதற்குள் முடிந்துவிடும். எனவே 23, 24, 25 மூன்று நாளும் அளப்போம், ஏதாவது ஒருநாளாவது மேகம் விலகும். இங்கே பிற்பகல் மழையை நம்ப முடியாது. உங்கள் ஆண்டுத் தேர்வு அட்டவணையைப் பார்த்து, இது தோதுப்படுமா என்று எழுது. படாவிட்டால் வேறு நாளும் வைத்துக்கொள்ளலாம். அப்போது எங்கள் குச்சிக்கும் கொஞ்சம் நிழல் இருக்கும், இரண்டு கோணத்தையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டிவரும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்கு அது நல்ல வேலை. எங்கள் பக்கம் தொடக்கநிலை 5 பிள்ளைகள். கோணக் கணக்கில் உன் பிள்ளைகள்தான் கைகொடுக்க வேண்டும்.

மாமாவிடமும் அத்தையிடமும் விசாரித்ததாகச் சொல். தேக்காவில் நீ கேட்ட தைல டப்பாக்களை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இவருடைய தம்பி வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா