சோமுவுக்கு ஆத்தா எழுதுவது

தேவகோட்டை

அன்புள்ள சோமு,

இங்கு எல்லோரும் நலம். அப்பச்சி மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார்கள். படியேறினால் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. இரண்டாம் கட்டில் ஓடு மாற்றியாயிற்று.

நீ 42 கிலோமீட்டர் ஓடி வாங்கிய மெடல் படத்தை வளவில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினேன். பழநிக்கு நடந்தபோதும் நீதானே எல்லோருக்கும் முன்னால் போனாய். படம் அனுப்ப நேரமிருந்தவனுக்கு, அப்பச்சிக்கு வந்த இதயத் தசை நோய் உனக்கும் இருக்கிறதா என்று பார்க்க எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தாயா என்று கேட்டதற்கு ஒரு வரி எழுத நேரமில்லையா?

"எனக்கு ஒன்றுமில்லை ஆத்தா" என்கிறாய். உன் வயதில் அப்பச்சிக்கும் ஒன்றுமில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் சொல்கிறேன், கேள். 11-ஆம் குரோமோசோமில் இருக்கிற எம்.ஒய்.பி.பி.சி.3 ஜீன்தான் இதயத் தசையில் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. தசையைச் சுருக்குகிற மையோசின் இழை ஓடும் வேகத்துக்கு அந்தப் புரதம் கடிவாளம். அப்பச்சிக்கு அந்த ஜீனில் 25 டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் மையோசினைப் பற்றுகிற நுனியே மாறிப்போகிறது. இளவயதில் பெரும்பாலும் வெளியே தெரியாது. வயது ஏறத்தான் தசை தடித்தோ தளர்ந்தோ போகும்.

நம் குடும்பத்துக்கு மட்டும் வந்த சாபமென்று நினைத்துவிடாதே. ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிலையத்தின் தங்கராஜும் மற்றவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நம் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இது இருப்பதாகச் சொன்னார்கள். தோன்றி 33,000 ஆண்டு இருக்குமாம். காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு நகரத்தார் நாம் வந்ததெல்லாம் அதற்கு நேற்று நடந்தது. நம் கோயில் பிரிவு அப்பன் வழியில் வரும், இது ஆத்தா வழியிலும் வரும். கட்டிக்கொடுத்த பெண், வேறு கோயில் என்று மீனாள் இருந்துவிடவில்லை. பார்த்துவிட்டாள். அவளுக்கு இல்லை.

எக்கோ பார்க்கிறவரை ஓட்டம் வேண்டாம். ஒருமுறை நன்றாக வந்தாலும் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் எக்கோ பார்க்கிறவரை ஓடாதே, சோமு.

ஆடி கழிந்ததும் பெண் பார்க்கலாம் என்றிருந்தோம். அப்பச்சி ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து நீ அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. காரணம் கேட்டு நான் எழுதவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். உனக்கு இருந்தாலும் உன் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி வாய்ப்புதான். வந்தவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதுமில்லை. அப்பச்சி உங்கள் இருவரையும் பெற்று, வளர்த்து, பேரனையும் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டார்கள்.

நீ முன்பே பரிசோதித்துவிட்டு, எங்களிடம் சொல்லாமல் இருக்கிறாயோ என்றுதான் எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. அப்படியிருந்தால் எதையும் விளக்க வேண்டாம். ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பு, எனக்குப் படிக்கத் தெரியும். இதயச் சுவரின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். நம் போன்ற குடும்பத்தில் 13 என்றாலே கவனிக்க வேண்டும். நீ சொல்லச் சொல்கிறவரை அப்பச்சியிடம் வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
ஆத்தா