செயலாளரின் ஆண்டறிக்கை: ராஜாஜியின் சேலத்து நாட்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகம் வழக்கம்போல் மாலை வேளைகளில் திறந்திருந்தது. கரையான் அரித்த அலமாரி ஒன்றை மாற்றினோம். மழையால் ஒரு மாதக் கூட்டம் நடக்கவில்லை. மற்றபடி இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை, சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, ராஜாஜியை மாதம்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்ததுதான். "சேலத்தில் இருந்துகொண்டு அவருடைய சேலத்து நாட்களே நமக்குத் தெரியவில்லையே" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டதில் தொடங்கியது இது.

முதல் கூட்டங்கள் நகராட்சிக் காலத்தைப் பற்றியவை. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர், 1900இல் வக்கீலாக சேலம் வந்தார். 1911இல் நகராட்சி உறுப்பினர், 1917இல் தலைவர், 1919 வரை அந்தப் பொறுப்பு. கவர்னர் ஜெனரல் ராஜாஜியைத் தெரிந்த நம்மில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருந்தது. அவர் காலத்தில்தான் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முதன்முறையாக சேலம் நகராட்சியின் உறுப்பினரானார். நூறு ஆண்டுக்கு முந்தைய சேலத்தில், அக்கம்பக்கத்தாரின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே இதைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம்! அன்று கூட்டம் முடிந்தும் வெகுநேரம் யாரும் எழுந்து போகவில்லை.

அப்புறம் சென்னை, காந்தியடிகள், ஒத்துழையாமை, வேலூர்ச் சிறை. நகராட்சியில் அமர்ந்தவர் சட்டசபை வேண்டாம் என்றார். காங்கிரசார் சட்டசபைக்குப் போகலாமா என்ற சண்டையில், 1922 கயா மாநாட்டில் கூடாது என்ற தரப்பில் நின்றார். பதினைந்து ஆண்டு கழித்து, 1937இல் உள்ளே போனபோது நேராக சென்னை மாகாணத்தின் பிரதமராகவே (இன்றைய முதல்வர் போன்ற பதவி) போனார்.

அந்த ஆட்சியின் முதல் பெரிய காரியம் நம் மாவட்டத்தில் நடந்தது. 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம்தான். கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. கஜானாவில் விழும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று கேட்கும் பழக்கம் நகராட்சி வரவு செலவில் பழகியவருக்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதே 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றபோது, அவர்கள்மேல் வழக்குப் பாயாமல் காத்தது ராஜாஜி அரசின் சட்டம். சேலத்தில் தொடங்கியது மதுரை வரை வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

சரி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். பள்ளிகளில் 1938இல் கட்டாய இந்தி, 1953இல் அரைநாள் பள்ளியும் அரைநாள் பெற்றோர் தொழிலும் என்ற திட்டம். இரண்டையும் பற்றிய கூட்டம் சூடாக நடந்தது. திட்டத்தின் நோக்கத்தைச் சிலர் விளக்கினார்கள். "என் அப்பா இருந்த வீட்டில் அது குலத்தொழிலாகத்தான் போயிருக்கும்" என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னார். அவர் சொன்னதே எனக்கும் சரியாகப் படுகிறது. முதலாவதை, அவர் அரசு 1939இல் பதவி விலகிய பிறகு, 1940இல் ஆளுநர் திரும்பப் பெற்றார். இரண்டாவது, அவர் 1954இல் பதவி விலகி, காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது.

ஏன் இப்படி ஆனது என்று நான் பலநாள் யோசித்தேன். 1937இல் அவர் வென்றது பட்டதாரிகள் ஓட்டளிக்கும் பல்கலைக்கழகத் தொகுதியில். 1952இல் முதல்வரானபோது மேலவைக்கு ஆளுநரின் நியமனத்தில் வந்தார். இரண்டு முறையும் ஒரு தெருவுக்குப் போய், கதவைத் தட்டி, ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை. சேலம் நகராட்சியில், முடிவு பிடிக்காதவர் மறுநாள் காலையே வழிமறித்துக் கேட்டிருப்பார். அந்த வழிமறிப்பு கோட்டையில் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை எல்லோரும் ஏற்கவில்லை, தலைவரே ஏற்கவில்லை. ஆனாலும் என் கருத்தாகப் பதிவு செய்ய அனுமதித்தார், நன்றி.

இந்தப் பேச்சிலிருந்து ஒரு வேலை பிறந்திருக்கிறது. இன்று நம் மாநகராட்சியில் 60 வார்டுகள். வார்டு குழுக்களும், வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் சட்டத்தில் இருக்கின்றன. நம்மில் பாதிப்பேர் ஒன்றுக்கும் போனதில்லை, நானும்தான். வரும் ஆண்டில் ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டத்துக்கும் உறுப்பினர் இருவராவது போய், நடந்ததைக் குறிப்பெடுத்து நூலகத்தில் வைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முன்மொழிகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லவும்.

அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்