வெறும் நீராவியா வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ராணிப்பேட்டை தோல் ஆலை பாய்லர்களில் ஹைட்ரஜனை எரித்தால் வெறும் நீராவிதான் வெளியேறும்; நிலக்கரியே தொடர்ந்தாலும் புகைபோக்கியில் கார்பன் பிடிக்கும் கருவியை மாட்டினால் போதும்’ என்று உங்கள் வேலூர் பதிப்பில் படித்தேன். மாட்டினால் போதுமாம், கொசுவலை போல!

ஹைட்ரஜன் எரிவது காற்றில்தான். சுடரின் சூடு அதிகம் என்பதால், பர்னரை அதற்கென்றே அமைக்காவிட்டால் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு கூடும். அது இருக்கட்டும். மின்பகுப்பில், அதாவது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை எரித்தால் கையில் வருவது 33 யூனிட் வெப்பம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கணக்குப் போட்டால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 35 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தாலே 10 கிலோதான். 2023-இல் மத்திய அரசு ‘பசுமை ஹைட்ரஜன்’ என்பதற்கு வைத்த வரம்பு 2 கிலோ. உங்கள் கட்டுரையில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. தோல் பதனிட வேண்டியது பெரும்பாலும் கை பொறுக்காத சூட்டு வெந்நீர். அதே 50 யூனிட்டை, சுற்றியுள்ள வெப்பத்தையும் இழுத்துத் தரும் ஹீட் பம்புக்குக் கொடுத்தால் 150 யூனிட் வெப்பம் கிடைக்குமே. உரத்துக்கும் உருக்குக்கும் போக வேண்டிய ஹைட்ரஜனை இங்கே எதற்குக் கொளுத்துவது?

அடுத்து அந்தக் ‘கருவி’. ஈ.எஸ்.பி. என்ற, மின்புலத்தால் புகையை வடிகட்டும் கருவியைச் செய்யும் பெல் தொழிற்சாலை இருக்கும் ஊர் இது, ஈ.எஸ்.பி. தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு, அதை உறிஞ்சும் அமீன் என்ற ரசாயனக் கரைசல் வேண்டும். அதற்கு முன் புகையை 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். கந்தக டை ஆக்சைடை 10 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்குக்குக்) கீழே இறக்காவிட்டால் அமீன் உப்பாகிக் கெடும். சாம்பல் தப்பி வந்தால் கரைசல் புகையைக் கழுவும் கோபுரத்தில் நுரை தள்ளும். பிடித்த வாயுவை விடுவிக்கக் கரைசலை மறுபடி 120 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். ஒரு டன் வாயுவுக்கு ஒன்றரை டன் நீராவி போகும். அதாவது பாய்லர் தரும் 5 டன் நீராவியில் 2 டன்னைக் கருவியே குடித்துவிடும். ஆலைக்காரர் எதை வைத்துத் தோல் பதனிடுவார்?

பிடித்ததை எங்கே வைப்பது என்றும் சொல்லவில்லை. நிலத்தடியில் புதைக்கலாம் என்றால், நமக்குக் கீழே இருப்பது வாயு இறங்காத கடும்பாறை. தூத்துக்குடியில் 2016-இல் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சோடா உப்பு (சலவைச் சோடா) செய்யத் தொடங்கினார்கள் என்றால், அங்கே பக்கத்திலேயே சோடா உப்பு ஆலை இருந்தது.

கொட்டிய குரோமியக் கழிவு இன்னும் மலையாகக் கிடக்கிறது. தோல் ஆலை மாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996-இல். 2015-இல் சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். திடக்கழிவையும் உப்பையும் வைக்க இடமில்லாத ஊருக்கு அமீன் கழிவையும் சேர்த்துப் பரிந்துரைக்கும் தாராளம் உங்களுக்குத்தான் வரும். தெரியாமல் எழுதினீர்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரோ கொடுத்த விளம்பரத் தாளை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று போடும்போது, பக்கத்திலேயே கிலோவுக்கு எத்தனை யூனிட், அது எந்த மின்சாரம் என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாய்லர் பொறியாளர்,
வாலாஜாபேட்டை