டோர்செட் கடற்கரை: கடல் ஏறும் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைச் சிறப்பிதழில் வந்த, தென் இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரை பற்றிய பயணக் கட்டுரையில் படங்களும் தங்குமிட விவரங்களும் அருமை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பத்துக்கு முக்கியமான ஒரு விஷயம் அதில் விடுபட்டிருக்கிறது. அந்தக் கரையில் எப்போது, எங்கே நடக்கலாம் என்பதைக் கடலின் ஏற்ற இறக்கமும் பாறையின் குணமுமே முடிவு செய்கின்றன.

லல்வொர்த் கோவ் என்ற வட்டக் குடாவையே எடுத்துக்கொள்வோம். முன்னால் கெட்டியான சுண்ணாம்புக்கல் சுவர், அதன் பின்னால் இளகிய களிமண்ணும் மணலும், கடைசியில் 'சாக்' (chalk) எனப்படும் வெள்ளைச் சுண்ணப் பாறை. கடல் அந்தச் சுவரில் ஒரு வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது, களிமண்ணைக் கரைத்தது, சுண்ணப் பாறையில் முட்டி வேகம் குறைந்தது. வட்டக் குடா பிறந்த கதை இதுதான். கடலோரம் நிற்கும் டர்டில் டோர் என்ற பாறை வளைவும் அதே சுண்ணாம்புக்கல்தான். உங்கள் கட்டுரையாளர் அதை ரசித்ததோடு நிறுத்திவிட்டார். 2020 மே மாதம் அந்த வளைவின் மேலிருந்து குதித்தவர்கள் படுகாயமடைந்ததையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கிழக்கு டெவனிலிருந்து ஓல்ட் ஹாரி பாறைகள் வரை நீளும் இந்தக் கரை 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதைபடிவம் தேடிப் புகழ்பெற்ற மேரி ஆனிங், அழிந்துபோன கடல் ஊர்வனவான இக்தியோசர், பிளீசியோசர் எலும்புகளைக் கண்டெடுத்தது லைம் ரீஜிஸ் ஊரில். அங்கேயும் பக்கத்துச் சார்மத்திலும் புதைபடிவம் தேட ஏற்றது கோடை அல்ல. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, புயல் அடித்து ஓய்ந்த மறுநாட்களில்தான் புதிய சரிவிலிருந்து கற்கள் கழுவப்பட்டுக் கரையில் கிடக்கும். கடல் வற்றத் தொடங்கியபின் இறங்குங்கள். மறுபடி ஏறத் தொடங்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் என்பதால் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். நேற்றைய கணக்கு இன்று உதவாது. அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கடிகாரத்தை முன்னே நகர்த்தி வைக்கும் கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு பாறைச் சரிவைக் கொத்தக் கூடாது. மேலே இருப்பது தலையில் விழும், அனுமதியும் இல்லை. கரையில் உதிர்ந்து கிடப்பதைக் கூழாங்கற்களுக்கு இடையே குனிந்து தேடினாலே போதும். துப்பாக்கிக் குண்டு மாதிரி கூர்நுனியோடு கிடப்பது பெலம்னைட், கணவாய் போன்ற பழங்கால உயிரியின் படிவம். காசளவில், பொன்னிறத்தில் சுருண்டு கிடப்பது பைரைட் அம்மோனைட், அதாவது பைரைட் என்ற இரும்புக் கனிமமாக மாறிய பழங்காலக் கடலுயிரி ஓடு. அதை அப்படியே அலமாரியில் வைத்தால் உப்பும் ஈரமும் சேர்ந்து வெண்பொடி பூத்து, நாளடைவில் உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். பெரிய எலும்பு போல ஏதாவது தென்பட்டால் சார்மத் கடற்கரை மையத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

வெஸ்ட் பே, பர்ட்டன் பிராட்ஸ்டாக் பக்கத்துச் செம்மஞ்சள் மணற்பாறையின் நிழலில் பாய் விரித்து உட்காரச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். 2012 ஜூலையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில் பாறை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மழையே பெய்யாத நாளிலும் அந்தப் பாறை உடைந்து விழும்.

ஏறக்குறைய 29 கி.மீ. நீளும் செசில் கரையில் மேற்கு முனையில் பட்டாணி அளவாக இருக்கும் கூழாங்கல், போர்ட்லேண்ட் பக்கம் போகப் போகக் கைமுட்டி அளவாகிவிடும். பார்க்க வேண்டிய இடம்தான், குளிக்கும் இடமல்ல. அட்லாண்டிக்கிலிருந்து தென்மேற்குக் காற்று தள்ளிவரும் அலை நேராக மோதுகிறது. இரண்டடி வைத்தால் கால் எட்டாத ஆழம். திரும்பும் அலை காலடிக் கல்லையே இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் நீந்த வேமத், ஸ்வானேஜ், ஸ்டட்லண்ட் ஆகிய மணற்கரைகளே தகும். அவை கிழக்கு நோக்கி, காற்றுக்கு மறைவாக இருக்கின்றன. கடல் மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே ஜூனைவிடச் செப்டம்பர் தண்ணீர் இதமாக இருக்கும், கூட்டமும் குறைவு.

லல்வொர்த்துக்குக் கிழக்கே ராணுவப் பயிற்சி நிலம். 1943-இல் ஊரைக் காலி செய்த டைன்ஹாம் கிராமம் அதற்குள்தான் இருக்கிறது. பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கும், ஆனால் தேதி பார்த்துப் போவது நல்லது. செங்கொடி பறந்தால் உள்ளே நுழையக் கூடாது.

அடுத்த இதழில் ஒரு சிறு கட்டமாவது போட்டு, கடல் ஏற்ற அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது கரையில் மாட்டிக்கொண்டால் அவசர எண் 999-ஐ அழைத்து, கடலோரக் காவல் படையான 'கோஸ்ட்கார்டு' வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள்.

அன்புடன்,
வாசகர், டோர்செஸ்டர்