மூன்றாம் பருவம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டுப் போட்டிகள் அனைத்தும் சிறப்பாக நடந்தேறின. பங்கேற்றோருக்குப் பாராட்டுகள். ஆண்டுத் தேர்வு அட்டவணை நாட்குறிப்பேட்டில் ஒட்டப்பட்டுள்ளது.

மற்றொரு செய்தி. இந்த ஆண்டின் ஐபிஎல் கிரிக்கெட் தொடங்கியது முதல் வகுப்பறைகளில் பிள்ளைகளின் வாயிலிருந்து நேர்முக வர்ணனை கேட்கிறது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொலைக்காட்சி வந்த பிறகு கிரிக்கெட் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகள் இவர்கள். எங்கள் தலைமுறை வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தது. பந்து எங்கே போனது என்பதை அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும்; அதனால் அளந்து, தெளிவாகப் பேசினார். இன்று பந்து கண்ணெதிரே ஓடுகிறது. வர்ணனையாளர்களுக்கு அரட்டைக்கும் கிண்டலுக்கும் நேரம் கிடைக்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை. அந்த வர்ணனையைக் கேட்டுப் பிள்ளைகளின் பேச்சில் கொங்கு வாடையோ நெல்லை வாடையோ வீசினால் திருத்தும்படி சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். அப்படிச் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

எங்கள் கவலை வேறு. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவர் உரைநடைப் பாடத்தை வாசிக்கையில் ஒரு சொல்லில் தடுமாறினார். உடனே கடைசி வரிசையிலிருந்து, விக்கெட் விழுந்துவிட்டதாக அறிவிப்பு. வகுப்பே சிரித்தது. அதன்பின் அவர் வாய்விட்டு வாசிக்க மறுக்கிறார். வர்ணனை அறையில் ஒருவரையொருவர் வாருபவர்கள் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். திருப்பிக் கொடுக்க அவர்கள் கையிலும் ஒலிவாங்கி உண்டு. வாசிக்கும் பிள்ளையின் கையில் பாடப்புத்தகம் மட்டுமே இருக்கிறது.

இதைப் பற்றித் தொலைபேசியில் பேசியபோது, “வீட்டில் எல்லோரும் ரசிக்கிறோமே” என்றார் ஒரு பெற்றோர். வீட்டில் ரசியுங்கள். வகுப்பில் ஒருவர் வாசிக்கும்போதும் பதில் சொல்லும்போதும் வர்ணனை செய்வது கேலி செய்வதாகவே கருதப்படும். திங்கள்கிழமை முதல், இதில் ஈடுபடுவோரின் பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்படுவர். யாருக்கும் விலக்கு இல்லை.

இதே பிள்ளைகள் மேடையேறினால் நாக்குழறாமல் பேசுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டு விழாவில் கபடிக்கு வர்ணனை செய்த ஒன்பதாம் வகுப்பு மாணவிகள், தோற்ற அணியைப் பற்றி ஒரு சொல்கூடத் தரக்குறைவாகச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு எல்லாப் போட்டிகளுக்கும் மாணவர்களையே வர்ணனையாளர்களாக்க உடற்கல்வி ஆசிரியர் இசைந்துள்ளார்.

இரவு ஆட்டம் முடியும்வரை பிள்ளைகளை விழித்திருக்க விடாமல், தேர்வு முடியும்வரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்