பழைய காருக்கு வாரண்டி: புத்தகம் முதலில், பணம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குகிறவர்களிடம் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று ஒன்றை விற்கிறார்கள். அதை வாங்கலாமா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. நான் காவேரிப்பட்டணத்தில் பத்திரம் எழுதுகிறவள். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு காகிதத்தில் யார் யாருக்கு என்ன பொறுப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த முறையில் எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் ஒரு கார் பார்த்திருந்தான். 2018 மாடல், பெட்ரோல், சாதாரண கியர், 62,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரே கை மாறிய வண்டி. விலை 4,35,000 ரூபாய். எல்லாம் பேசி முடித்து முன்பணம் கொடுக்கிற நேரத்தில் கடைக்காரத் தம்பி, “இன்னொரு 14,500 போட்டுடுங்க சார், ஒரு வருஷத்துக்கு எது போனாலும் எங்க பொறுப்பு” என்றிருக்கிறார். கையில் இல்லாவிட்டால் கடனோடு சேர்த்து மாதத் தவணையில் போட்டுவிடலாமாம். அதற்கும் வட்டி ஓடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

“அத்தை, போட்டுடலாமா?” என்று போன் வந்தது. “எதுக்குப் போடறோம்னு அந்த வாரண்டிப் புத்தகத்த அனுப்பச் சொல்லு, பார்க்கலாம்” என்றேன். பணம் கட்டிய பிறகு மெயிலில் வரும் என்று பதில்.

அரை சென்ட் மனை வாங்க வருகிறவர்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. இங்கே பதினான்காயிரம் ரூபாயைக் கொடுத்த பிறகுதான் எதற்குக் கொடுத்தோம் என்று தெரியவரும் என்கிறார்கள். புத்தகம் வராமல் முன்பணம் இல்லை என்று அவனைச் சொல்லச் சொன்னேன். மறுநாள் காலை வந்துவிட்டது. ஆக, கொடுக்க முடியாதது ஒன்றுமில்லை. கேட்பவர் இல்லை, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. நான் முதலில் தேடியது எழுதிக்கொடுப்பவர் யார் என்பதை. ரசீது கார் கடையின் பெயரில் வரும். புத்தகத்திலோ பொறுப்பு முழுவதும் வெளிமாநிலத்தில் அலுவலகம் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியுடையது என்றும், விற்ற கடைக்கு இதில் எந்தக் கடப்பாடும் கிடையாது என்றும் இருந்தது. “எங்க பொறுப்பு” என்று தம்பி சொன்ன சொல் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போயிற்று. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்.

அடுத்து, எதற்கெல்லாம் பணம் தருவார்கள் என்ற பட்டியல். இன்ஜின், கியர்பாக்ஸ் இவற்றின் உள்பாகங்கள், ஸ்டீயரிங், ஏ.சி. கம்ப்ரசர், சில மின்சாரப் பாகங்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தர மாட்டோம் என்ற பட்டியல் அதைவிட நீளம். கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, பேட்டரி, டயர், பெல்ட், ஓஸ், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், பல்பு, ஆயில், இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட். கடைசியில் ‘தேய்மானத்தால் பழுதான எந்தப் பாகமும்’ என்று ஒரு வரி. 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தேயாத பாகம் எது என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மேலே தருவதாகச் சொன்ன பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

எங்கள் பக்கத்து ஓட்டத்தில் எது போகும் என்று ராயக்கோட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன். சேலத்துக்குப் போய்வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பேடு தேயும், கிளட்ச் தேயும். கிராமத்துச் சாலையில் ஓடினால் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் போகும். “பெட்ரோல் வண்டி, நேரத்துக்கு ஆயில் மாத்தி ஓட்டினா இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் கை கொடுக்காமப் போகாதுங்கம்மா” என்றார். அவர் சொன்ன வரிசையையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிக்கடி போவது எல்லாம் அவர்கள் தராத பட்டியலில் இருந்தது.

இன்னொரு பிரிவை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. சூடேறியதால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை. வாரண்டியில் சேராத ஒரு பாகம் பழுதாகி, அதனால் இன்னொரு பாகம் கெட்டால் அதற்கும் பொறுப்பில்லை. மெக்கானிக்கிடம் இதைப் படித்துக் காட்டினேன். நூறு, இருநூறு ரூபாய் ரப்பர் ஓஸில் கசிவு வந்து கூலன்ட் இறங்கிவிடும், தெரியாமல் நாலு மைல் ஓட்டினால் இன்ஜின் சூடேறி அதன் மேல்பாகத்தை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான் என்றார். பெரிய செலவு என்று எதற்குப் பயந்து வாரண்டி வாங்குகிறோமோ, அந்தச் செலவே இப்படி வெளியே நிற்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் 30 நாளில் எதுவும் கேட்க முடியாது. ஒரு தடவைக்கு 20,000, வருடத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அவர்கள் அனுமதி வருவதற்கு முன் உள்ளூர் மெக்கானிக் இன்ஜினைத் திறந்தால் வாரண்டி செல்லாது. அவர்கள் பட்டறையில் பிரித்துப் பார்த்துவிட்டு ‘இது சேராது’ என்றால் பிரித்த கூலி நம்முடையது. பட்டறைப் பட்டியலில் நமக்குக் கிட்டத்தில் இருந்தது பெங்களூரு. பாலக்கோட்டில் வண்டி நின்றால் பெங்களூரு வரை கட்டி இழுத்துக்கொண்டு போகும் செலவை யார் தருவது என்று தேடினேன். அதற்கும் ஒரு வரம்பு போட்டிருந்தார்கள், ஓசூரைத் தாண்டுமா என்பது சந்தேகம்.

இதையும் காப்பீட்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு இந்த மாதிரி வாரண்டியில் பைசா வராது. முழுக் காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, அதற்குத் தனிப் பிரீமியம். விபத்து, வெள்ளம், திருட்டு என்றால் காப்பீடு. உள்பாகம் தானாகப் பழுதானால் வாரண்டி. இரண்டும் வேறு காகிதம்.

அண்ணன் மகன் அந்த வாரண்டியை வாங்கவில்லை. கார் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டரில் பணம் கட்டி வண்டியை லிப்டில் ஏற்றிக் காட்டினான். பதிவு எண்ணை வைத்துப் பழைய சர்வீஸ் விவரம் எல்லாம் அங்கே எடுத்துக் கொடுத்தார்கள்; மீட்டர் கணக்கும் அதோடு ஒத்துப்போனது. முன்சக்கரப் பக்கம் புஷ் போயிருப்பதும் லேசான கூலன்ட் கசிவும் தெரிந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டி விலையில் ஆறாயிரம் குறைத்தான். வாரண்டிக்கு வைத்திருந்த தொகையைத் தனியாகப் போட்டுவைத்திருக்கிறான். பழுது வந்தால் எடுப்பான், வராவிட்டால் அவன் பணம் அவனிடமே இருக்கும்.

எல்லோருக்கும் இதே முடிவைச் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த கடையில் முத்திரைத்தாள் விற்கும் அம்மாவின் மகள் ஆட்டோமேட்டிக் கியர் டீசல் வண்டி ஒன்று எடுத்தாள். டர்போ உள்ள வண்டி. அந்தக் கியர்பாக்ஸில் கைவைக்க நம் ஊர்ப் பட்டறைகளில் ஆள் இல்லை, பாகத்தின் விலையும் தலை சுற்ற வைக்கும். அவளுக்குக் காட்டியது கார் தயாரித்த கம்பெனியே கொடுக்கும் நீட்டிப்பு. முதல் வாரண்டி முடியும் முன் எடுத்தது, இரண்டாம் உரிமையாளர் பெயருக்கு மாறக்கூடியது, கிருஷ்ணகிரியிலேயே சர்வீஸ் சென்டர். பெயர் மாற்றத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள் என்று நானே சொன்னேன். சில வருடமே ஆன வண்டி என்றால் தயாரித்த கம்பெனியின் முதல் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாருதி 2024 ஜூலையிலிருந்து புது வண்டிகளுக்கு 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் கொடுக்கிறது. ஏற்கெனவே இருப்பதையே திரும்ப விலை கொடுத்து வாங்குவானேன்?

பணம் கட்டிவிட்டு மறுக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று புத்தகத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அப்படி ஒரு பிரிவு இருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. “எது போனாலும் எங்க பொறுப்பு” என்று சொன்னதை மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கிடைக்காது.

பழைய வண்டி விற்கும் கடைகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சான்றைக் கடையில் கேட்டுப் பாருங்கள். வண்டிக்கு வந்த இந்த ஒழுங்கு அதோடு சேர்த்து விற்கும் வாரண்டிக்கும் வர வேண்டும். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பணம் வாங்கும் முன் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அதன் முதல் பக்கத்தில் பொறுப்பேற்பவர் யார், எது சேராது, உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பட்டறை எந்த ஊரில் என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். ஒரு கிரயப் பத்திரத்தில் இவ்வளவையும் நாங்கள் எழுதாமல் விட்டால் கட்சிக்காரர் எங்களைச் சும்மா விடுவாரா?

அரசு செய்யும்போது செய்யட்டும். அதுவரை உங்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. பழைய கார் விளம்பரங்கள் உங்கள் நாளிதழிலும் வருகின்றன. ‘வாரண்டி உண்டு’ என்று விளம்பரம் கொடுக்கிறவர்களிடம், அது யாருடைய வாரண்டி, எத்தனை ரூபாய் வரை என்ற இரண்டையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லி உங்கள் விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர், வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்